மைக்ரோபிட் ரோபோ வண்டியில் காந்தப் பாடம்: ஒரு கல்வியாண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

பிள்ளைகள் புரோகிராம் எழுதிப் பழகும் சிறு கணினி போர்டான மைக்ரோபிட்டிலேயே காந்த சென்சார் இருக்கிறது. அதை மட்டும் நம்பி ரோபோ வண்டி வாங்கினால் ஏமாற்றமே மிஞ்சும். போர்டைத் தனியாகக் கையில் பிடித்தால், திரை நிறையும்வரை சாய்த்து அளவீட்டைச் சரிசெய்தபின், தமிழ்நாட்டில் சுமார் 40 மைக்ரோடெஸ்லா (காந்தப்புல அளவின் அலகு) காட்டும். அது பூமியின் காந்தப்புலம். வண்டியில் செருகியதும் எண் மாறிவிடும். சக்கரம் சுழன்றால் தடுமாறும். வண்டியின் மஞ்சள் கியர் மோட்டார்களுக்குள் இருக்கும் நிலைக்காந்தங்களும், ஓடும்போது அவற்றில் பாயும் மின்னோட்டமுமே காரணம். இதையே முதல் வகுப்பாக வைக்கலாம்: தனி போர்டு, நிற்கும் வண்டி, ஓடும் வண்டி என மூன்று நிலைகளின் எண்களையும் பிள்ளைகளே எழுதி ஒப்பிடட்டும். இரும்புக்கால் மேசை வேண்டாம், தரை போதும்.

சார்ட் அட்டைக்கு அடியில் ஒளித்த காந்தத்தைத் தேட இந்த சென்சார் உதவாது. போர்டு நிமிர்ந்து நிற்பதால் சென்சார் தரையிலிருந்து மிக உயரத்தில் இருக்கிறது. தூரம் இரு மடங்கானால் சிறு காந்தத்தின் புலம் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகிவிடும்.

காந்தம் அருகே வந்தால் தானே மூடிக்கொள்ளும் சிறு கண்ணாடிக்குழாய் சுவிட்சான ரீட் சுவிட்ச்தான் இங்கே கைகொடுக்கிறது. விலை குறைவு, மின்தடை தேவையில்லை. ஒரு கம்பியை போர்டின் பி0 முனையிலும் மற்றதை கிரவுண்டிலும் இணைத்து, மைக்ரோபிட்டுக்குப் புரோகிராம் எழுதும் மேக்கோடில் பி0-க்கு புல்-அப் (சுவிட்ச் திறந்திருக்கும்போது 1 காட்டவைக்கும் அமைப்பு) கொடுங்கள். 0 வந்தால் காந்தம், 1 என்றால் இல்லை. வண்டியின் முன்பக்க அடியில், தரைக்கு 5 மி.மீ. மேலே, வண்டி ஓடும் திசைக்கு நீளவாக்கில் டேப்பால் ஒட்டுங்கள். கம்பியைக் கண்ணாடிக்கு ஒட்டி வளைத்தால் கண்ணாடி விரிசல் விடும். கண்ணாடிக்கும் வளைக்கும் இடத்துக்கும் நடுவில் மூக்குக் குறட்டால் பிடித்துக்கொண்டு வளைக்க வேண்டும். ஆண்டு முழுவதும் அதிகம் வீணாவது இப்படித்தான்.

பாடத்தின் உயிர் அடுத்த குழப்பத்தில் இருக்கிறது. படுக்கவைத்த வட்டக் காந்தம் ஒன்றின் மேல் வண்டி போகும். காந்தங்களை எண்ணும் புரோகிராமிலோ இரண்டு வரும். புரோகிராமில் பிழை என்று பிள்ளைகள் தேடுவார்கள். பிழை இல்லை. ரீட் சுவிட்ச் தன் நீளவாக்கில் ஓடும் புலத்துக்கு மட்டுமே மூடும். காந்தத்தின் நேர் மேலே புலம் செங்குத்தாக நிற்பதால் அங்கே திறந்துகொள்கிறது. காந்தத்துக்கு முன்னும் பின்னும் புலம் சாய்வதால் இரு தடவை மூடுகிறது. சுவிட்சைக் குறுக்காகத் திருப்பி ஒட்டினால், நட்டநடுவே போகும் வண்டி காந்தத்தையே தவறவிடும். எந்தப் படமும் புலத்தின் திசையை இவ்வளவு தெளிவாக உணர்த்தாது. அவசரப்பட்டு விடையைச் சொல்லிவிடாதீர்கள்.

காந்தப்புலத்தை உணரும் இன்னொரு சிறு சில்லான ஏ3144 ஹால் சென்சார் இதற்குப் பொருந்தாது: அதற்குக் குறைந்தது 4.5 வோல்ட் வேண்டும், மைக்ரோபிட் தருவது 3 வோல்ட். இரும்புத்தூளை மூடிய ஒளிபுகும் டப்பாவில் மட்டும் வையுங்கள். மோட்டாருக்குள் புகுந்தால் எடுக்கவே முடியாது. மிக வலுவான சிறு நியோடிமியம் காந்தங்களை வகுப்புக்குள் விடவே கூடாது. இரண்டை விழுங்கினால் குடல் கிழியும் அபாயம் உண்டு. சாதாரண கருப்பு ஃபெரைட் காந்த வட்டுகளே போதும்.