வாராத் தொடர்கள்: சுங்கை சிப்புட்டில் நடந்த இரண்டு நாள் மரபணுப் பயிலரங்கு

சென்ற பள்ளி விடுமுறையில், மலேசியாவின் சுங்கை சிப்புட் நகரில் கடைவரிசை ஒன்றின் மேல்மாடியில் இயங்கும் டியூஷன் மையம் ஆறாம் படிவ மாணவர்களுக்கு நடத்திய இரண்டு நாள் பயிலரங்கிற்கு என் மகளை அனுப்பினேன். பெற்றோரும் பின்வரிசையில் அமரலாம் என்றதால் இரண்டு நாளும் நானும் உடனிருந்தேன். கட்டணம் மதிய உணவுடன் 90 ரிங்கிட். எடுத்துக்கொண்ட பொருள், ஓர் உயிரினத்தின் மரபணுத்தொகுதியில், அதாவது அதன் முழு டிஎன்ஏவில், ஒருமுறைகூட இடம்பெறாத குறுகிய டிஎன்ஏ தொடர்கள். அமெரிக்காவின் பாய்சி மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரெக் ஹாம்பிகியனும் டிம் ஆண்டர்சனும் 2007-இல் இவற்றிற்கு நல்லோமர் என்று பெயரிட்டனர். ஆசிரியர் வகுப்பு முழுவதும் 'வாராத் தொடர்கள்' என்றே வழங்கினார். அந்தச் சொல் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

முதல் நாள் முற்பகல் ஒன்றுக்காகவே இந்தக் கட்டணத்தைக் கொடுக்கலாம். டிஎன்ஏவின் எழுத்துகள் ஏ, சி, ஜி, டி என நான்கே என்பதால் எட்டெழுத்துத் தொடர்கள் மொத்தம் 65,536 அமையும் என்பதை மாணவர்களே பெருக்கிக் கண்டார்கள். உயிரணுவுக்கு ஆற்றல் தரும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள மனித வளைய டிஎன்ஏ 16,569 எழுத்துகள் கொண்டது. ஒவ்வோர் எழுத்திலும் ஒரு புதிய தொடர் தொடங்குவதாகக் கொண்டாலும் டிஎன்ஏவின் இரண்டு இழைகளுள் ஓர் இழையில் அதற்குமேல் இடமில்லை. ஆகவே குறைந்தது 48,967 தொடர்கள் அந்த ஓர் இழையில் இருக்கவே இயலாது. இந்த இன்மையில் வியப்பதற்கு ஒன்றுமில்லை என்று நிறுவிய பிறகுதான் ஆசிரியர் முழு மனித மரபணுத்தொகுதிக்கு வந்தார். அங்கே எழுத்துகள் ஏறத்தாழ 310 கோடி. பதினோரெழுத்துத் தொடர்களோ 4,194,304 மட்டுமே. சமமாகப் பங்கிட்டால் ஒவ்வொன்றும் எழுநூறு முறைக்குமேல் வரவேண்டும். அப்படியிருந்தும் ஒருமுறைகூட வராத பதினோரெழுத்துத் தொடர்கள் இருக்கின்றன என்று அவர் சொன்னபோது, அதுவரை பேசிக்கொண்டிருந்த கடைசி வரிசைப் பையன்களும் அமைதியானார்கள்.

ஏன் வரவில்லை என்ற கேள்வியில்தான் மையத்தின் விளம்பரத் தாளும் வகுப்பும் முரண்பட்டன. 'இயற்கை தடைசெய்த எழுத்துகள்' என்று தாளில் பெரிதாக அச்சிட்டிருந்தார்கள். அந்த எண்ணத்திற்கு வலுச்சேர்ப்பதுபோல், தமிழில் ககரமும் தகரமும் இரட்டிக்கும், ழகரம் ஒருபோதும் இரட்டிக்காது என்ற எடுத்துக்காட்டோடு ஆசிரியரும் தொடங்கினார். ஆனால் பிற்பகலில் அவரே மறுபக்கத்தை நேர்மையாக எடுத்துவைத்தார். சி-யை அடுத்து ஜி வரும் இடங்களில் அந்தச் சி-யின்மேல் பெரும்பாலும் மெத்தில் தொகுதி என்னும் சிறு வேதிப்பகுதி ஒட்டியிருக்கிறது. அவ்வாறான சி எளிதில் தன் அமைன் தொகுதியை இழந்து டி-யாகிவிடுகிறது. இதனால் மனித மரபணுத்தொகுதியில் சிஜி இணைகள் எதிர்பார்க்கும் அளவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கே எஞ்சியுள்ளன. வாராத் தொடர்களில் இந்த இணை மிகுதியாக இருப்பதைக் கொண்டு, இவை கேடு விளைவிப்பதால் விலக்கப்பட்டவை அல்ல, சடுதிமாற்றத்தால் தேய்ந்து மறைந்தவையாகவே இருக்கக்கூடும் என்று அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதே 2007-இல் வாதிட்டார்கள். எனவே ழகர விதியைவிட ஓலைச்சுவடியை எடுத்துக்காட்டியிருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும் என்பது என் கருத்து. சுவடிகளில் புள்ளியிட்டு எழுதும் வழக்கமில்லை. ரகரமும் காலும் ஒன்றுபோலவே தோன்றும். பெயர்த்தெழுதுவோர் அவற்றை மாற்றி மாற்றி எழுதியதால் மூலச்சொற்கள் சில காணாமற்போயின. அந்தச் சொற்களை யாரும் தடைசெய்யவில்லை. விளம்பரத் தாளைத் திருத்தி அச்சிடுமாறு மையத்தினரிடம் கேட்டிருக்கிறேன்.

இரண்டாம் நாள் கணினிப் பயிற்சி அவசரமாக நடந்தது. பதினெட்டு மாணவர்களுக்கு ஆறு கணினிகள் போதவில்லை. அதைவிடப் பெரிய குறை, டிஎன்ஏவின் எதிரிழையைப் பற்றிப் போதிய விளக்கம் இல்லாதது. ஏ-க்கு எதிரே டி-யும் சி-க்கு எதிரே ஜி-யும் அமையும், எதிரிழையை வாசிக்கும் திசையும் தலைகீழ் என்பதால், ஓர் இழையில் ஏஏசி என்றிருப்பது எதிரிழையில் ஜிடிடி என்று வாசிக்கப்படும். ஆகவே இரண்டு இழைகளிலும் தேடிய பிறகே ஒரு தொடரை வாராதது என்று சொல்லலாம். இது ஒரே வரியில் கடந்துபோனதால், என் மகள் உட்படப் பலர் ஓர் இழையை மட்டும் எண்ணிவிட்டு, விடை ஏன் பொருந்தவில்லை என்று ஒரு மணி நேரம் தடுமாறினார்கள்.

பயன்பாடுகளில் தடயவியல் பகுதி தெளிவாக இருந்தது. சந்தேக நபரிடமிருந்து ஒப்பீட்டுக்காக எடுத்த டிஎன்ஏ மாதிரியில் மனிதரிடம் வாராத ஒரு தொடரை அடையாளமாகக் கலந்துவைத்தால், பின்னர் அந்த அடையாளம் குற்றம் நடந்த இடத்து மாதிரியிலும் தென்படும்போது, ஆய்வகத்தில் ஒன்றோடொன்று கலந்துவிட்டது என்று அறியலாம். இது ஹாம்பிகியனின் குழு முன்வைத்த முறை. எபோலா தீநுண்மியில் (வைரஸ்) காணப்பட்டு மனிதரில் இல்லாத மூன்று பன்னிரண்டெழுத்துத் தொடர்களை 2015-இல் போர்த்துகல் ஆய்வாளர்கள் கண்டதற்கு ஐந்து நிமிடமே கிடைத்தது.

ஒரு மாணவி, நம் செம்பனையில் (எண்ணெய்ப் பனை) வராத தொடர் எது என்று கேட்டாள். தோட்டத்துப் பிள்ளை கேட்கவேண்டிய கேள்வி அது. மலேசிய செம்பனை வாரியம் தலைமையேற்ற குழு ஏறத்தாழ 180 கோடி எழுத்துகள் கொண்ட அதன் மரபணுத்தொகுதியை 2013-இல் வெளியிட்டது. தரவும் எவரும் இறக்கிக்கொள்ளும்படி பொதுவில் இருக்கிறது. நேரமில்லை என்று ஆசிரியர் தள்ளிவைத்தது எனக்கு வருத்தமாக இருந்தது. அடுத்த விடுமுறையில் மூன்றாம் நாள் ஒன்றைச் சேர்த்து அதைச் செய்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். உயிரியலும் கணிதமும் சேர்த்து எடுக்கும் எஸ்.டி.பி.எம். (ஆறாம் படிவத் தேர்வு) மாணவர்களைத் தயங்காமல் அனுப்பலாம். மடிக்கணினி இருந்தால் கையோடு கொடுத்தனுப்புங்கள்.