ஹட்டன் பக்கம் வாடகைச் சைக்கிளில் போகிறவர்கள் கவனிக்க

கொழும்பில் ரோட் சைக்கிளை வாடகைக்கு எடுத்து மலைநாட்டுக்குப் போக நினைப்பவர்கள், காசு கட்டுவதற்கு முன் இதை ஒருமுறை வாசியுங்கள். கடையின் பெயரை எழுதவில்லை. முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும். என் அண்ணாவின் மகன் பெரிய ஆபத்திலிருந்து தப்பி வந்திருக்கிறான். அதைச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

அவனுக்கு 19 வயது. ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எழுதிவிட்டு வீட்டில் நிற்கிறான். விடியற்காலையில் வெள்ளவத்தையிலிருந்து காலிமுகத்திடல் வரைக்கும் என்னோடு சைக்கிள் ஓடிப் பழகியவன். "சித்தப்பா, ஒருக்கா ஹட்டன் போவம்" என்று மாதக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தான். எனக்குச் சொந்தமாக ரோட் சைக்கிள் இருக்கிறது. அவனிடம் இருப்பது கியர் இல்லாத சாதாரணச் சைக்கிள். அதனால் போன மாதம் போயாவோடு சேர்ந்து வந்த லீவுக்கு, அவனுக்கு மட்டும் ஒன்றை இரண்டு நாள் வாடகைக்கு எடுத்தோம். நாளுக்கு 4,000 ரூபா, சைக்கிளைக் கொடுத்ததும் திருப்பித் தரும் முற்பணம் 40,000.

நாங்கள் கடைக்குப் போனது வேலை முடிந்து இரவு ஏழரை மணிக்கு. முதல் பிழை அதுதான். கடைக்குள் ஒரே ஒரு டியூப் லைட். சைக்கிள் பளபளவென்று நின்றது, டயர் இரண்டும் கரிக்கறுப்பு. "போன கிழமைதான் ஃபுல் சர்விஸ் செய்தது அண்ணா. ஹட்டன் என்ன, நுவரெலியாவுக்கே போகலாம்" என்றார் கடைக்காரர். ஏற்றத்துக்குச் சரியான கியரா என்று கேட்டேன். "அதெல்லாம் போட்டிருக்கு அண்ணா." பற்றுச்சீட்டில் "சைக்கிள் 1, இரண்டு நாள்" என்பதற்கு மேல் ஒரு எழுத்தும் இல்லை. நானும் கேட்கவில்லை.

அடுத்த நாள் அதிகாலை நான்கு மணிக்குப் புறப்பட்டோம். பாதையைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். லோ லெவல் வீதியால் கடுவெல, ஹங்வெல்ல தாண்டிப் போகும்போது களனி கங்கை இடப்பக்கம் மறைந்து மறைந்து கூடவே வரும். அவிசாவளையில் ஏ7 வீதிக்குத் திரும்பினால் எட்டியாந்தோட்டை வரைக்கும் இறப்பர் மரங்களின் நிழல். கித்துல்கலவில் ஆறு பாறைகளுக்கிடையே இரைந்துகொண்டு ஓடுகிறது. கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் சேர்ந்து களனியாகும் இடம் அதற்குக் கொஞ்சம் மேலேதான். முகத்துவாரத்தில் கலங்கிப்போய்க் கடலில் விழும் அதே ஆறா இது என்று பெடியன் பாலத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான்.

ஏற்றம் கித்துல்கலவுக்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஹட்டன் ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கினிகத்தேனை, வட்டவளை வழியாக ஆயிரம் மீற்றருக்கு மேல் ஏற வேண்டும். அங்கேதான் கியர் விஷயம் வெளியே வந்தது. முன்னால் சின்னப் பல்லுச்சக்கரத்தில் 39 பல், பின்னால் பெரியதில் 25. இது சமதரையில் பந்தயம் ஓடுகிறவர்களுக்குப் போடும் கியர். நிமிடத்துக்கு 60 தரம் மிதித்தால் மணிக்குக் கிட்டத்தட்ட 12 கிலோமீற்றர் வேகத்தில் போயே ஆக வேண்டும். மலையில் புதியவன் ஒருவனால் அந்த வேகத்தை எத்தனை நேரம் பிடிக்க முடியும்? என்னுடையதில் முன்னால் 34, பின்னால் 32. அதே மிதிக்கு 8 கிலோமீற்றர்தான், ஆனால் முழங்கால் தப்பும். பெடியன் எழுந்து நின்று மிதித்தான், பிறகு இறங்கித் தள்ளினான், பிறகு திரும்பவும் ஏறினான். ஹட்டனில் போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது. இரவு சாப்பாட்டுக்கு முன்னாலேயே தூங்கிப்போனான்.

சரி, கியர் பிழை என்றால் கால்தான் நோகும். அடுத்த நாள் நடந்தது அப்படியல்ல.

காலை ஏழு மணிக்கு இறங்கத் தொடங்கினோம். வட்டவளையில் தூறல், கினிகத்தேனை தாண்டியதும் நல்ல மழை. ரிம்மைப் பிடிக்கும் வகை பிரேக் மழையில் கொஞ்சம் பிந்தித்தான் பிடிக்கும் என்று தெரியும், அதனால் மெதுவாகத்தான் வந்தோம். ஒரு வளைவுக்கு முன்னால், தகரத்தில் கத்தியைத் தேய்ப்பதுபோல ஒரு சத்தம். அவன் எனக்கு முன்னால் முப்பது மீற்றர் தூரத்தில் போய்க்கொண்டிருந்தான். "சித்தப்பா, பிரேக் பிடிக்குதில்லை!"

எதிரே பஸ் ஒன்று ஏறி வந்தது. எனக்குத் தொண்டையிலிருந்து சத்தம் வரவில்லை. இடப்பக்கம் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளுக்கு ஏறும் கொங்கிறீட் பாதை ஒன்று இருந்தது. அவன் சைக்கிளை அதற்குள் திருப்பினான். ஏற்றத்தில் வேகம் குறைந்து, பாதையோரம் விழுந்தான். வலது முழங்கையிலும் தொடையிலும் தோல் உரிந்தது. அந்தப் பாதை மட்டும் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் இரவில் நினைப்பு வருகிறது. மேல்வீட்டு அம்மா ஒருவர் சுடுதண்ணீரும் உப்பும் கொண்டுவந்து, "ஐயோ புள்ள" என்று சொல்லிச் சொல்லிக் காயத்தைக் கழுவிவிட்டார். அவருக்கு நான் என்றும் கடமைப்பட்டவன்.

அந்த வாசலிலேயே சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பார்த்தேன். பின் பிரேக் கட்டை இரண்டிலும் ரப்பர் ஒரு பக்கம் அடியோடு தேய்ந்து, உள்ளே இருக்கும் இரும்பு வெளியே தெரிந்தது. அந்த இரும்புதான் ரிம்மை அறுத்திருக்கிறது. முன் கட்டைகளில் ரப்பர் இருந்தது, ஆனால் கல்லுப்போல இறுகி, நகத்தால் கீறினாலும் தடம் விழவில்லை. இரும்பின் ஓரத்தில் கறள், அதன் மேல் பழைய கறுப்புக் கிரீஸ். அரை மணித்தியால மழையில் வரும் கறளா அது? கட்டை தேய்ந்து நெடுநாளாகியிருக்க வேண்டும்.

டயரைத் தொட்டதும் விரல் கறுப்பாகிவிட்டது. மழை கழுவிய இடங்களில் பக்கச் சுவர் முழுக்க மயிர்போல வெடிப்புகள். காருக்குப் பூசும் டயர் பொலிஷைப் பூசி மறைத்திருக்கிறார்கள். கடையில் கண்ட கரிக்கறுப்பு அதுதான். பிரேக்கைப் பார்க்காதது கவனயீனம் என்று சொல்லித் தப்பலாம். வெடிப்புக்கு மேல் பொலிஷ் பூசுவதற்கு என்ன பெயர் சொல்வது?

பேலியகொடைக்கு மரக்கறி ஏற்றிப்போன லொறிக்காரர் ஒருவர் எங்களையும் இரண்டு சைக்கிளையும் கொழும்புக்குக் கொண்டுவந்து சேர்த்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

கடைக்காரர் பெடியனின் கட்டுப்போட்ட கையைப் பார்க்கவே இல்லை. ரிம்மைத்தான் பார்த்தார். "ரிம் போச்சு அண்ணா. 22,000 வரும்." பிரேக் கட்டையைக் காட்டினேன். "மழையில ஓடினா தேயும்தானே" என்றார். மழை மண்ணில் கட்டை விரைவாகத் தேயும், உண்மை. ஆனால் கறளுக்கு அவரிடம் பதில் இல்லை. டயருக்கும் இல்லை. தன் கட்டை அறுத்த ரிம்முக்கு எங்களிடம் காசு வெட்டிக்கொண்டு, 18,000 ரூபாவைத்தான் கையில் தந்தார். எடுக்கும்போது நான் ஒரு படமாவது பிடித்து வைத்திருந்தால் அவரால் அப்படிப் பேசியிருக்க முடியாது.

அதனால்தான் சொல்கிறேன், பகல் வெளிச்சத்தில் போங்கள். பிரேக் கைப்பிடியை முழுப் பலத்தோடு அழுத்துங்கள். ஹாண்டில் வரைக்கும் போய் முட்டினால் அந்தச் சைக்கிள் வேண்டாம். கட்டையின் ரப்பரில் குறுக்கே வெட்டுக்கோடுகள் இருக்கும். அவை அழிந்திருந்தால் கட்டை முடிந்துவிட்டது. ஈரத்துணியால் டயரின் பக்கத்தை அழுத்தித் துடைத்துப் பாருங்கள், இரண்டு நிமிட வேலை. பின் பல்லுச்சக்கரத்தில் பெரியதன் பற்களை எண்ணுங்கள். ஹட்டன் பக்கம் போவதென்றால் 32 ஆவது வேண்டும், முன்னால் சின்னதில் 34. ரிம், டயர், பிரேக் எல்லாவற்றையும் கடைக்காரருக்கு முன்னாலேயே படம் பிடியுங்கள். அப்புறம், முற்பணத்திலிருந்து எதற்கு எவ்வளவு வெட்டுவார்கள் என்பதைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். எழுத மாட்டேன் என்றால் வேறு கடை பாருங்கள்.

ஏமாந்தவர்கள் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம். சேவை பெற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், தள்ளிப்போடாதீர்கள். விவரம் கேட்க 1977 இலக்கத்துக்கு அழைக்கலாம். நான் பற்றுச்சீட்டின் பிரதி, லயத்து வாசலில் எடுத்த ஒன்பது படங்கள், பெடியனின் மருத்துவத் துண்டு எல்லாம் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். பின் பிரேக் கட்டை இரண்டையும் அந்த வாசலிலேயே கழற்றி எடுத்துவிட்டேன், கடைக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை. கறளோடு ஒரு பொலித்தீன் பையில் போட்டு வைத்திருக்கிறேன். விசாரணைக்குக் கூப்பிட்டால் அதையும் கொண்டுபோவேன்.