டெகான்ஷா பிராடிஜி பி3: கடலோரத்தில் படகு இழுப்பவர்களுக்கான டிரெய்லர் பிரேக் கன்ட்ரோலர்

மண்டபம், பாம்பன், ஏர்வாடி, தொண்டிப் பக்கம் ஃபைபர் படகை டிரெய்லரில் ஏற்றி வி-கிராஸ், ஹைலக்ஸ் மாதிரி பிக்கப்பில் இழுப்பவர்களுக்காக இந்த விமர்சனம். பட்டறையில் வெல்டிங் செய்து வாங்கும் உள்ளூர் டிரெய்லர்களில் பலவற்றுக்குப் பிரேக்கே இருக்காது. சிலவற்றில் கொக்கியைத் தள்ளும் விசையில் பிடிக்கும் ஓவர்ரன் பிரேக் இருக்கும். கன்ட்ரோலர் என்பது ஓட்டுநர் பக்கத்திலிருந்து டிரெய்லர் பிரேக்குக்கு மின்சாரம் அனுப்பும் பெட்டி, அதனால் இந்த இரண்டு வகைக்கும் அதனால் பயன் இல்லை. சக்கரத்தில் எலக்ட்ரிக் பிரேக்கோ, எலக்ட்ரிக் ஓவர் ஹைட்ராலிக் பிரேக்கோ (மின்சாரத்தில் ஓடும் பம்ப் எண்ணெய் அழுத்தம் கொடுத்துப் பிடிக்கும் வகை) இருந்தால் மட்டும் மேலே படியுங்கள்.

மலிவான கன்ட்ரோலர்கள் நேரக் கணக்கில் ஓடுகின்றன. மிதியைத் தொட்டால் போதும், மெதுவாகப் போனாலும் வேகமாகப் போனாலும் ஒரே சீராக வோல்டேஜை ஏற்றிக்கொண்டே போகும். பஜார் நெரிசலில் ஊர்ந்து போகும்போது டிரெய்லர் பின்னாலிருந்து வெடுக்கென்று இழுப்பது இதனால்தான். பி3 அப்படியல்ல. வண்டியின் வேகம் எவ்வளவு சீக்கிரம் குறைகிறது என்று உள்ளே இருக்கும் சென்சார் அளந்து, அதே அளவுக்கு டிரெய்லருக்கு மின்சாரம் விடுகிறது. 12 வோல்ட் வண்டிக்கு மட்டுமே ஆகும், 24 வோல்ட் லாரிகளில் மாட்டக் கூடாது. ஒன்று முதல் நான்கு ஆக்சில் வரை தாங்கும்.

நம் கரையில் இதை வாங்கச் சொல்வதற்குப் பெரிய காரணம் இன்னொன்று. படகு டிரெய்லர் கடலுக்குள் இறங்கும். சாதாரண எலக்ட்ரிக் டிரம் பிரேக்குக்குள் உப்புத் தண்ணீர் புகுந்தால் காந்தம், ஸ்பிரிங், டிரம் எல்லாம் துருவேறிவிடும். அதனால் படகு டிரெய்லருக்கு எலக்ட்ரிக் ஓவர் ஹைட்ராலிக் ஆக்சுவேட்டரும் (அந்தப் பம்ப் யூனிட்) டிஸ்க் பிரேக்கும்தான் பொருத்தம். பி3-யின் மெனுவில் இதற்கென்றே தனி மோடு இருக்கிறது, மாட்டியவுடன் முதலில் அதைத் தேர்ந்தெடுங்கள். ஆக்சுவேட்டர் வாங்கும்போதும் கவனம் வேண்டும். டிஸ்க்குக்கு 1,600 பிஎஸ்ஐ அழுத்தம், டிரம்முக்கு 1,000 பிஎஸ்ஐ. டிஸ்க் டிரெய்லரில் 1,000 பிஎஸ்ஐ யூனிட்டை வைத்துவிட்டால், கன்ட்ரோலரை எவ்வளவு ஏற்றினாலும் பிடி சப்பென்றுதான் இருக்கும்.

வயரிங்தான் பெரிய வேலை. அமெரிக்க பிக்கப்புகளுக்குக் கிடைப்பது போலக் குத்தினால் முடிந்தது என்ற ரெடிமேட் வயர்க் கட்டு (ஹார்னஸ்) நம் வண்டிகளுக்கு இல்லை என்றே வைத்துக்கொண்டு, நான்கு வயரையும் கையால் இழுக்கத் தயாராகுங்கள். கறுப்பு, பேட்டரி பாசிட்டிவுக்கு நேராகப் போக வேண்டும். நடுவில் தானாக மீளும் சர்க்யூட் பிரேக்கர்: இரண்டு ஆக்சில் வரை 20 ஆம்பியர், அதற்கு மேல் 30. வெள்ளை, பேட்டரி நெகட்டிவுக்கு. பாடியில் ஒரு போல்ட்டைத் தேடி எர்த் கொடுப்பது இந்த ஊர்க் காற்றில் நிலைக்காது. நீலம், பின்னால் இருக்கும் டிரெய்லர் பிளக்குக்கு. இந்த மூன்றும் 12 கேஜைவிட மெலிதாக இருக்கக் கூடாது. நம் கடையில் 4 சதுர மில்லிமீட்டர் என்று கேளுங்கள். ஈயம் பூசிய செம்பு வயர் கிடைத்தால் விலை பார்க்காமல் வாங்குங்கள், வெறும் செம்பு உறைக்குள்ளேயே கறுத்துப்போகும். சிவப்பு, பிரேக் மிதி சுவிட்சுக்கு. மிதித்தால் 12 வோல்ட், விட்டால் பூஜ்யம் காட்டும் பக்கத்தில்தான் சேர வேண்டும். நிறத்தை நம்பாமல் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். எதிர்ப்பக்கத்தில் சேர்த்துவிட்டால் காலை எடுத்தாலும் கன்ட்ரோலருக்குப் பிரேக் சிக்னல் போய்க்கொண்டே இருக்கும்.

பலர் தடுக்கி விழும் இடம் ஏழு பின் பிளக். ஐரோப்பிய முறை வட்டப் பிளக்கில் ஐந்தாவது பின் வலது டெயில் லைட். ஆஸ்திரேலிய முறை தட்டைப் பிளக்கில் அதே ஐந்தாவது பின்தான் பிரேக். வண்டியில் ஒரு முறையும் டிரெய்லரில் இன்னொரு முறையும் இருந்தால், இரவில் லைட் போட்டதும் டிரெய்லர் பிரேக் பிடித்துக்கொள்ளும். பிளக்கின் வடிவத்தை வைத்து முடிவு செய்யாமல் ஒவ்வொரு பின்னையும் டெஸ்ட் லாம்ப் வைத்துச் சரிபாருங்கள்.

பெட்டியைப் பொருத்தும்போது அதன் நீளவாட்டம் வண்டி போகும் திசைக்கு நேராகவும், பக்கவாட்டில் சமமாகவும் இருக்க வேண்டும். முன்பின் சாய்வை அதுவே சரிசெய்துகொள்ளும், கோணல்மாணலாகத் திருப்பி வைத்தால் அளவு தப்பும். ஸ்டியரிங்குக்கு அருகே, முழங்கால் இடிக்காத இடத்தில், அவசரத்தில் கை நீட்டினால் டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் போடும் லீவர் கிடைக்கும்படி வையுங்கள்.

அளவு வைக்கும் முறை இதுதான். படகை ஏற்றி, நம் மாவட்டத்தில் பஞ்சமே இல்லாத சமதளத் தார்ச்சாலையில் ஆள் நடமாட்டம் இல்லாத இடமாகப் பார்த்து, பிரேக் கொஞ்சம் சூடாகும் வரை ஓட்டுங்கள். பவரை (டிரெய்லர் பிரேக்குக்குப் போகும் அதிகபட்ச வோல்டேஜ்) 6 வோல்ட்டில் வைத்து, 40 கிலோமீட்டர் வேகத்தில் மிதியைத் தொடாமல் லீவரை மட்டும் முழுதாகத் தள்ளுங்கள். டிரெய்லர் சக்கரம் பூட்டிக்கொண்டு தேய்ந்தால் குறையுங்கள், பிடி போதாவிட்டால் கூட்டுங்கள். பூட்டிக்கொள்ளும் அளவுக்குச் சற்றுக் கீழே நிற்பதுதான் சரியான அளவு. ஹைட்ராலிக் வகையில் அழுத்தம் ஏற ஒரு கணம் தாமதமாகும், அதைக் குறை என்று நினைத்துப் பவரை ஏற்றிவிடாதீர்கள். பூஸ்ட் பட்டன் தொடக்கப் பிடியைக் கூட்டுவதற்கு. டிரெய்லர் வண்டியைவிட இலேசு என்றால் பூஸ்ட் வேண்டாம், அல்லது 1 போதும். எடை சமமாக வந்தால் 2 வரை போகலாம். சிறிய ஃபைபர் படகுக்கு 3 தேவைப்படாது.

ஐந்து அமைப்புகளைச் சேமித்து வைக்கும் வசதி நமக்கு உண்மையிலேயே உதவும். படகோடு போவதற்கு ஒன்று, வெறும் டிரெய்லரோடு திரும்புவதற்கு ஒன்று என்று கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். படகு எடைக்கு வைத்த அளவில் வெறும் டிரெய்லரை இழுத்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். தனுஷ்கோடிச் சாலை மாதிரி தார் மேல் மணல் பரவிக் கிடக்கும் இடத்துக்கு இன்னும் குறைத்து மூன்றாவதாக ஒன்று வைக்கலாம். 1988-இல் திறந்த பாம்பன் சாலைப் பாலத்தில் கச்சான் காற்று அடிக்கும்போது டிரெய்லர் ஆடத் தொடங்கினால், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து லீவரை மட்டும் மெல்லத் தள்ளுங்கள். டிரெய்லர் பின்னுக்கு இழுபட்டு நேராகும். மிதியை அழுத்தினால் ஆட்டம் கூடும்.

பி3-யின் திரை நல்ல திரை. எவ்வளவு வோல்ட் போகிறது, டிரெய்லர் இணைந்திருக்கிறதா, ஷார்ட் இருக்கிறதா என்பதைக் காட்டிவிடும். குறை என்றால், பெட்டி பெரியது, டேஷ்போர்டின் அழகைக் கெடுக்கும். ரெட்ஆர்க் டோ-ப்ரோ எலைட்டில் வெளியே தெரிவது ஒரு சிறு குமிழ் மட்டுமே, பெட்டியை உள்ளே எந்தக் கோணத்திலும் மறைத்து வைக்கலாம். ஆனால் அதில் வோல்டேஜ் எண் தெரியாது, விளக்கின் நிறத்தை வைத்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். பிளக்கின் செம்பு அரித்து அடிக்கடி பச்சை பூக்கும் இந்த ஊரில் எண் காட்டும் திரைக்கே எங்கள் ஓட்டு.

அந்தப் பச்சைதான் பாதிப் புகாருக்குக் காரணம். பிடி குறைந்தால் பவரைக் கூட்டுவதற்கு முன் பிளக்கையும் டிரெய்லர் எர்த்தையும் கழற்றிச் சுத்தம் செய்து டைஎலக்ட்ரிக் கிரீஸ் தடவுங்கள். தண்ணீரில் இறக்குமுன் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். டிரெய்லர் அறுந்துகொண்டால் தானாகப் பிரேக் போடும் பிரேக்அவே சுவிட்சின் கயிற்றைக் கொக்கியிலோ சங்கிலியிலோ கட்டாமல் வண்டியின் சட்டத்தில் கட்டுங்கள். அதன் ஊசியை இழுத்துச் சோதிக்கும்போதும் பிளக் கழன்றிருக்க வேண்டும், இல்லையென்றால் டிரெய்லர் பேட்டரியின் மின்சாரம் திரும்பி வந்து கன்ட்ரோலரைக் கெடுத்துவிடும்.