ஹக்குயினின் தாருமா, செங்காயின் தவளை
ஹக்குயின், செங்காய் இருவரும் ஜப்பானில் ரின்சாய் என்ற ஜென் பௌத்தப் பிரிவின் குருமார்கள்; ஓவியமும் வரைந்தவர்கள். ஹக்குயின் (1686–1769) அதிகம் வரைந்தது தாருமாவை. காஞ்சிபுரத்துக்காரர் என்று நம் பக்கம் சொல்கிறோமே, அதே போதிதர்மர். ஜப்பானின் மான்ஜுஜி கோயிலில் உள்ள அவருடைய தாருமா படத்தில் பின்னணி முழுக்கக் கறுப்பு, அங்கி சிவப்பு. மேல்நோக்கி விழிக்கும் அந்தப் பெரிய கண்களுக்கு முன்னால் வாய் பேச வராது. மென்மையான கோட்டோவிய மரபிலிருந்து இது எவ்வளவு தூரம்!

செங்காய் (1750–1837) பாணி வேறு. கறுப்பு மை, நாலைந்து தீற்றல், அவ்வளவுதான். உட்கார்ந்திருக்கும் ஒரு தவளை. பக்கத்தில், சும்மா உட்கார்ந்தாலே புத்தராகலாமே என்ற பொருளில் ஒரு வரி. அப்புறம் அவருடைய இன்னொரு படம், வெறும் வட்டம், முக்கோணம், சதுரம்: படத்தில் விளக்கமே இல்லை.

செங்காயைப் பார்த்ததும் பிடித்துவிடும். ஆனால் என் மனம் ஹக்குயினிடம்தான் திரும்பிப் போகிறது. அந்தத் துணிச்சலான படத்தை வரையும்போது அவருக்கு வயது அறுபதுக்கு மேல்.