பின் சக்கரத்துல சத்தம், 11,800 ரூபாய் போச்சு: ஆப் மூலமா காரை சர்வீஸுக்கு விடுறவங்க படிச்சிட்டு விடுங்க

நேத்து சாயங்காலம்தான் எனக்கு முழுசா விஷயம் தெரிஞ்சது. ராத்திரி தூக்கமே இல்ல. எழுதிட்டாலாவது கொஞ்சம் அடங்குமான்னு உக்காந்திருக்கேன். கோர்வையா வரலைன்னா மன்னிச்சுக்கோங்க.

என் தொழிலைச் சொல்லிட்டு ஆரம்பிக்கிறேன், அப்பத்தான் நான் எவ்வளவு பெரிய முட்டாள்னு உங்களுக்குப் புரியும். நான் ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல கணக்கு பாக்குறவ. அடுத்தவங்க பில்லுல 40 ரூபாய் இடிச்சாலும் போன் போட்டுக் கேக்குற ஆளு. அப்படிப்பட்ட நான் 11,800 ரூபாயை நின்ன இடத்துல போன்ல தட்டி அனுப்பிட்டு, "ரொம்ப தேங்க்ஸ் தம்பி"ன்னு வேற சொல்லிட்டு வந்திருக்கேன்.

வண்டி 2016ல வாங்கின சின்ன கார். 62,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. மடிப்பாக்கத்துலேர்ந்து துரைப்பாக்கம் ஆபீஸுக்கு ரேடியல் ரோடு வழியாதான் தினமும் போறேன். பொங்கலுக்கு முன்னாடி பின்பக்கம் ஒரு சத்தம் ஆரம்பிச்சது. மாவு மில்லு தூரத்துல ஓடுற மாதிரி ஊஊன்னு ஒரே சீரா இருக்கும். 50க்கு மேல போனாத்தான் கேக்கும், வேகம் ஏற ஏற கூடும். கியரை நியூட்ரல்ல போட்டு உருட்டினாலும் நிக்கல. இன்னொண்ணும் கவனிச்சேன். புதுசா தார் போட்ட இடத்துல சத்தம் அடங்கிடும், சொரசொரப்பான இடம் வந்ததும் திரும்ப ஆரம்பிச்சுடும். இந்தக் கடைசி விஷயத்தை ஞாபகம் வச்சுக்கோங்க. வந்த பையன்கிட்டயும் இதைச் சொன்னேன். அவன் தலையாட்டினான், அவ்வளவுதான்.

வழக்கமா பாக்குற மெக்கானிக் பொங்கலுக்கு ஊருக்குப் போயிட்டாரு. ஆபீஸ்ல ஒருத்தர் சொன்னாருன்னு ஒரு ஆப்ல புக் பண்ணேன். வீட்டு வாசலுக்கே வந்து வண்டியை எடுத்துட்டுப் போய், சரி பண்ணி, திரும்பக் கொண்டுவந்து விடுற ஆப். பேரு வேண்டாம். அவங்களுக்குன்னு சொந்தமா கராஜ் கிடையாது, ஏதோ ஒரு கராஜுக்கு வேலையைத் தள்ளிவிடுறாங்கன்னு பின்னாடிதான் தெரிஞ்சது.

வந்த பையனுக்கு 24, 25 வயசு இருக்கும். சுத்தமான யூனிஃபார்ம், கையில க்ளவுஸ், சீட்டுக்குப் பிளாஸ்டிக் கவர். "அக்கா, ஒரு ரவுண்டு நீங்களே ஓட்டுங்க, நான் பின்னாடி உக்காந்து கேக்குறேன்"னான். பின் சீட்டுல உக்காந்து கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டான். எனக்கு அங்கேயே பாதி நம்பிக்கை வந்துடுச்சு. இறங்கினதும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"அக்கா, மழையில வேளச்சேரி பக்கம் தண்ணியில இறங்கினீங்களா?"

இறங்கினேன். பாதி டயர் முங்குற அளவுக்குத் தண்ணி. இவனுக்கு எப்படித் தெரிஞ்சதுன்னு எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. இப்ப யோசிச்சா சிரிப்பு வருது. சென்னையில ஜனவரி மாசம் எந்தக் கார்க்காரரைக் கேட்டாலும் ஆமான்னுதான் சொல்லுவாங்க. கிளி ஜோசியக்காரன் "வீட்டுல ஒரு மனக்கஷ்டம் இருக்கு"ன்னு சொல்றதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

"தண்ணி உள்ள போய் ஹப் பேரிங் போயிருக்கும்க்கா. கிரீஸ் கழுவிட்டுப் போயிடும், அப்புறம் துரு பிடிச்சு இப்படித்தான் கத்தும். வீல் ஜாம் ஆயிடுச்சுன்னா ஆபத்து, பசங்களைக் கூட்டிட்டுப் போற வண்டி"ன்னான். ஹப் பேரிங்னா சக்கரம் உரசாம சுத்துறதுக்கு அதோட நடுவுல இருக்கிற வளையம். இதுல எதுவும் பொய்யில்லங்க, அதுதான் கொடுமை. தண்ணி புகுந்தா பேரிங் போகும், போனா இப்படித்தான் முனகும். என் வண்டியில அது நடக்கல, அவ்வளவுதான்.

மதியம் வாட்ஸ்அப்ல ஒரு வீடியோ வந்தது. 20 செகண்டு. சக்கரத்தைக் கழட்டின ஹப்பை ஒரு கை சுத்துது, கரகரன்னு சத்தம், உள்ளேர்ந்து செங்காவி நிறத்துல தண்ணி வடியுது. கீழ "உங்க வண்டிதான் அக்கா, பாத்துக்கோங்க"ன்னு மெசேஜ். என் வீட்டுக்காரருக்கும் அனுப்பினேன். "உடனே மாத்தச் சொல்லு"ன்னாரு. அந்த வீடியோவை அஞ்சு தடவை பார்த்தேன். அஞ்சு தடவை! அதுல இருந்த போல்ட்டை ஒரு தடவை எண்ணியிருந்தா 11,800 ரூபாய் தப்பிச்சிருக்கும். அந்தக் கதைக்கு வரேன்.

ராத்திரி எட்டு மணிக்கு வண்டி வந்தது. கூடவே பில். ஹப் பேரிங் ரெண்டு 7,800. லேபர் 2,500. அலைன்மென்ட், பேலன்சிங் 1,400. ட்ரம் கிளீனிங் 900. டிஃபரன்ஷியல் ஆயில் 400. மொத்தம் 13,000. "அக்கா, ஆப்ல கட்டினா 13,000. எனக்கே நேரா அனுப்பிட்டீங்கன்னா 1,200 குறைச்சுக்கலாம்"னு சொல்லி போன்ல க்யூஆர் கோடை நீட்டினான். ஸ்கேன் பண்ணா யாரோ ஒரு தனி ஆளு பேரு வருது. நான் ஒரு செகண்டு தயங்கினேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனா 1,200 ரூபாய்னு கேட்டதும் கை தானா போயிடுச்சு. 11,800. அனுப்பிட்டேன். பில்லுல ஜிஎஸ்டி நம்பர் இல்ல, பார்ட் நம்பர் இல்ல. ஆபீஸுக்கு இப்படி ஒரு பில் வந்தா நான் தூக்கி எறிஞ்சிருப்பேன்.

பழைய பேரிங் எங்கன்னு கேக்கவே தோணல.

அடுத்த மூணு நாளும் லீவு, வண்டி மடிப்பாக்கத்துக்குள்ளயேதான் சுத்துச்சு. எங்க தெருவுல 30ஐத் தாண்ட முடியாது, அதனால சத்தம் போன மாதிரியே இருந்தது. நாலாவது நாள் ரேடியல் ரோட்டுல ஏறி 60ஐத் தொட்டேன். அதே ஊஊ. ஆனா இப்ப பின்னாடி இல்ல, முன்னாடி கேக்குது. ஸ்டியரிங்கும் லேசா அதிருது.

போன் போட்டேன். பையன் ரொம்ப சாவகாசமா, "அப்ப முன் பேரிங்கும் போயிருக்கும்க்கா. அதே தண்ணிதானே. 9,000ல முடிச்சுடலாம்"னான். எனக்குச் சுருக்குன்னது அப்பத்தான். மூணு நாள் முன்னாடி வரைக்கும் நல்லா இருந்த முன் சக்கரம், அதே ராகத்துல எப்படிங்க பாடும்?

இனி அலைக்கழிச்ச கதை. ஆப்ல கம்ப்ளெயின்ட் போட்டா சாட்ல ஒரு மெஷின்தான் பதில் சொல்லுது. மனுஷங்களைப் பிடிக்கவே ரெண்டு நாள் ஆச்சு. ஒரு பொண்ணு, "மேம், டிக்கெட் போட்டிருக்கோம், 48 மணி நேரத்துல கூப்பிடுவாங்க"ன்னுச்சு. கூப்பிடல. மறுபடி நானே கூப்பிட்டேன். இன்னொரு பையன், மறுபடியும் முதல்லேர்ந்து கதை சொல்லணும், மறுபடியும் 48 மணி நேரம். மூணாவது தடவை, "மேம், எங்க ரெக்கார்டுல உங்க ஆர்டர் 'கஸ்டமர் கேன்சல் பண்ணிட்டாங்க'ன்னு இருக்கு. நீங்க வெளியில பணம் கட்டியிருந்தா நாங்க பொறுப்பில்ல"ன்னாங்க. அந்த 1,200 ரூபாய் தள்ளுபடி எதுக்குன்னு அப்பத்தான் விளங்கிச்சு. நானே என் கைக்கு விலங்கு மாட்டிக்கிட்டிருக்கேன்.

கராஜ் நம்பரைத் தேடிப் பிடிச்சுக் கூப்பிட்டா, "எங்களுக்கு ஆப்தான் வேலை கொடுத்தது, அங்க கேளுங்க". ஆப்ல கேட்டா, "கராஜ்ல பேசுங்க". கடைசியா மேனேஜர்னு ஒருத்தர் லைனுக்கு வந்தாரு. பேரிங் சத்தம்னா எப்படி இருக்கும், டயர் சத்தம்னா எப்படி இருக்கும்னு எனக்கு அஞ்சு நிமிஷம் பாடம் எடுத்துட்டு, முடிவுல ஒரு வார்த்தை சொன்னாரு: "மேடம், இதெல்லாம் உங்களுக்குப் புரியாது. வீட்டுல சார் இருந்தா பேசச் சொல்லுங்க."

பணம் போனதைக் கூட ஒரு நாள் மறந்துடுவேன். இதை மறக்க மாட்டேன். அந்த வண்டிக்கு இஎம்ஐ கட்டினவ நான். சார் லைசென்ஸே எடுக்கல.

நேத்து கீழ்க்கட்டளையில ஒரு பஞ்சர் கடைக்காரர்கிட்ட காத்து பிடிக்க நிறுத்தினேன். வயசானவர். புலம்பாம இருக்க முடியல, சொன்னேன். அவர் வண்டி பக்கத்துல குந்தி, முன் டயர் மேல உள்ளங்கையை வச்சு ஒரு பக்கமா தடவினாரு, அப்புறம் எதிர்ப்பக்கமா தடவினாரு. "யம்மா, கைய குடு"ன்னு என் கையைப் பிடிச்சு வச்சாரு. ஒரு பக்கம் போனா வழவழன்னு போகுது. திரும்பி வந்தா தேங்காத்துருவி பல்லு மாதிரி கையைப் பிடிக்குது. டயர்ல இருக்கிற ஒவ்வொரு ரப்பர் கட்டையும் ஒரு ஓரம் தேஞ்சு, இன்னொரு ஓரம் தூக்கிக்கிட்டு நிக்குது.

"இத்தான் உன் சத்தம். டயரு கத்துது. அதான் ரோடு மாறினா சத்தமும் மாறுது. பேரிங்கு ரோட்டைப் பாத்தா கத்தும்?"

எனக்கு நெஞ்சு அடைச்சுப் போச்சு. நான் முதல் நாளே சொன்ன விஷயம்ங்க அது.

"இது பின்னாடி இருந்த டயரு, முன்னாடி மாத்திப் போட்டுக்குறானுங்க"ன்னாரு. எப்படின்னு கேக்கவே வேண்டியதில்ல. போன வருஷம் எங்க வீட்டு கேட் தூண்ல பின் இடது டயரை உரசிட்டேன். டயரோட பக்கவாட்டுல நீலப் பெயிண்ட் ஒரு கீத்து ஒட்டிக்கிட்டு இருக்கும். அந்த நீலக் கீத்து இப்ப முன் இடது சக்கரத்துல என்னைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டு இருக்கு. தினமும் அதுக்குப் பக்கத்துலதான் கதவைத் திறந்து பையை வைக்கிறேன், கண்ணுல படல.

அப்புறம் பின்பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்கினாரு. சக்கரத்தை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டினாரு. துளி ஆட்டம் இல்ல. ஒரு கையால சுத்திவிட்டு இன்னொரு கையை சஸ்பென்ஷன் ஸ்பிரிங் மேல வச்சாரு. பேரிங் போயிருந்தா அந்த ஸ்பிரிங்ல கரகரன்னு கைக்குத் தெரியுமாம். ஒண்ணும் தெரியல. சக்கரத்தைக் கழட்டி, பிரேக் ட்ரம் நடுவுல இருக்கிற மூடியைக் காட்டினாரு. மழைச்சேறு காஞ்சு ஓடு மாதிரி ஒட்டியிருக்கு. அதைத் தட்டி எடுத்தா உள்ள பெரிய நட்டு, கழலாம இருக்க ஓரத்தை மடக்கி லாக் அடிச்சது அடிச்சபடி, மடிப்புல துரு ஏறி இருக்கு. "பேரிங்கு மாத்தணும்னா இந்த நட்டைக் கழட்டியே ஆகணும், புதுசு போட்டு லாக் அடிக்கணும். கம்பெனியில மாட்னதுக்கு அப்பால இத்த ஒருத்தனும் தொடல." 7,800 ரூபாய் பேரிங்! ரெண்டு பக்கமும் இதே கதை.

வீடியோவைக் காட்டினேன். ஒரே ஒரு தடவைதான் பாத்தாரு. "உன் வண்டிக்கு எத்தினி போல்ட்டு?" கழட்டி வச்சிருந்த சக்கரத்தைப் பார்த்தேன். நாலு. "இதுல எண்ணு." அஞ்சு. யாரோட வண்டியோ, எந்த ஊர் வீடியோவோ.

பில்லையும் படிச்சுக் காட்டினேன். டிஃபரன்ஷியல் ஆயில்னதும் அவருக்குச் சிரிப்பு தாங்கல. டிஃபரன்ஷியல்னா இன்ஜின் சக்தியை ரெண்டு சக்கரத்துக்கும் பிரிச்சுக் கொடுக்குற பல்சக்கரப் பெட்டி. முன் சக்கரம் இழுக்குற வண்டியில பின்னாடி அது கிடையவே கிடையாதாம். இல்லாத பொருளுக்கு ஆயில் ஊத்தி 400 ரூபாய் வாங்கியிருக்காங்க.

நிஜக் காரணம் பின் ஷாக் அப்சார்பர். ரெண்டு பக்கமும் எண்ணெய் கசிஞ்சு தூசி அப்பிக் கிடக்கு. அது செத்துட்டா சக்கரம் ரோட்டுல படிஞ்சு ஓடாம குதிச்சுக் குதிச்சு ஓடும், டயர் இப்படித் திட்டுத் திட்டா தேயும், தேஞ்ச டயர் கத்தும். அரை மணி நேரம் பாத்ததுக்கு அவர் வாங்கினது 100 ரூபாய். அதுவும் நான் திணிச்சது.

இன்னைக்குக் காலையில 1915க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, போன் பண்ணிப் புகார் பதிஞ்சிருக்கேன். அதுல ஒண்ணும் நடக்கலைன்னா நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம குடியிருக்கிற இடத்துலயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரைக்கும் கட்டணமும் கிடையாது. வெளியில கட்டின பணம், ஒழுங்கான பில் இல்ல, ஜெயிப்பேனான்னு சொல்ல முடியல. ஆனா அந்த மேனேஜர் ஒரு தடவையாவது வந்து நிக்கணும்.

என்னென்ன கவனிக்கணும்னு விவரமா எழுதலாம்னுதான் ஆரம்பிச்சேன். ஆபீஸுக்கு நேரமாச்சு, சட்டுன்னு சொல்லிடுறேன். டயரை நீங்களே கையால தடவிப் பாருங்க, காசா பணமா. பழைய பார்ட்டைக் கையில வாங்காம பணம் கொடுக்காதீங்க. வீடியோ அனுப்பினா அதுல உங்க நம்பர் பிளேட்டும் தெரியணும்னு கேளுங்க. வேகமா போற ரோட்டுல ஓட்டிப் பாத்துட்டு அப்புறம் கட்டுங்க. தனி ஆளு பேருக்கு ஸ்கேன் பண்ணவே பண்ணாதீங்க, 1,200 இல்ல 5,000 குறைச்சாலும்.

ஷாக் அப்சார்பர் ரெண்டையும் சனிக்கிழமை எங்க பழைய மெக்கானிக் மாத்திக் கொடுக்குறேன்னு சொல்லியிருக்காரு, ஊர்லேர்ந்து வந்துட்டாரு. டயர் அடுத்த மாசச் சம்பளத்துலதான். அந்த 11,800 கையில இருந்திருந்தா டயரும் இப்பவே போட்டிருப்பேன். அதுவரைக்கும் ரேடியல் ரோட்டுல 45லதான் போகப் போறேன், பின்னாடி ஹாரன் அடிக்கிறவங்க அடிச்சுக்கட்டும்.