ஊரில் மூன்று வாரம்: பில் புக், கையெழுத்து, டோக்கன்

தாலுகா ஆபீஸ் வாசலிலோ சார்பதிவாளர் அலுவலகத் தெருவிலோ உள்ள ஜெராக்ஸ் கடையில் "டிஜிட்டல் கையெழுத்து வேணும்" என்று கேட்டால், மூன்று வேலைகளில் ஏதாவது ஒன்றைச் செய்து தருவார்கள். தாளில் போட்ட கையெழுத்தை ஸ்கேன் செய்து படமாக்குவது ஒன்று. ஆதார் ஓ.டி.பி. வைத்துப் போடும் இ-சைன் இன்னொன்று. பென் டிரைவ் போன்ற யு.எஸ்.பி. டோக்கனில் வரும் டி.எஸ்.சி. (டிஜிட்டல் கையெழுத்துச் சான்றிதழ்) மூன்றாவது. மூன்றுக்கும் ஒரே பெயர் புழங்குவதால்தான் வெளிநாட்டிலிருந்து லீவில் வருபவர்கள் தவறானதை வாங்கிக்கொண்டு மறுபடி அலைகிறார்கள். எந்தத் தாளுக்கு எது என்று வீட்டிலேயே பிரித்து வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

கையெழுத்துப் படம் என்பது வெறும் படம்தான். கொட்டேஷன், டெலிவரி சலான், ஆன்லைன் விண்ணப்பத்தில் கேட்கும் மாதிரிக் கையெழுத்து ஆகியவற்றுக்குப் போதும். கோடு போடாத வெள்ளைத்தாளில் கறுப்பு ஜெல் பேனாவால் போட்டு, 600 டி.பி.ஐ.யில் (ஸ்கேனின் நுணுக்க அளவு) ஸ்கேன் செய்து, ஓரத்தை வெட்டிவிடுங்கள். கே.பி. அளவு கூடிவிட்டால் படத்தின் நீள அகலத்தைக் குறையுங்கள். தரத்தைக் குறைத்தால் கோடு உடைந்து, விண்ணப்பம் திரும்பிவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள். கடையின் கம்ப்யூட்டரில் அந்தக் கோப்பு தங்கிவிடுகிறது என்பதுதான் பெரிய ஆபத்து. யார் வேண்டுமானாலும் எடுத்து எதிலும் ஒட்டலாம். கண்முன்னே அழிக்கச் சொல்லுங்கள், ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யச் சொல்லுங்கள். சொந்த போனிலேயே எடுத்துவிட்டால் இன்னும் நல்லது. வெளிநாட்டில் கேம்ஸ்கேனர் பழகியவர்கள் கவனிக்க: அது 2020 ஜூனில் இந்தியாவில் தடை செய்யப்பட்ட செயலி.

இ-சைனுக்கு ஆதாரும், அதோடு இணைந்த, உயிரோடு இருக்கும் மொபைல் எண்ணும் வேண்டும். இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் ஊருக்கு வந்ததும் ஆதாருக்கு விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற, இந்திய வம்சாவளி ஓ.சி.ஐ. அட்டைக்காரருக்கு முந்தைய 12 மாதத்தில் 182 நாள் இந்தியாவில் தங்கியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது. மூன்று வார லீவில் அது நடக்காது. பலருக்குச் சிக்கல் வருவது சிம்மில். ப்ரீபெய்டு எண்ணை 90 நாள் தொடாமல் விட்டால் செயலிழக்கலாம், பிறகு அந்த எண் வேறொருவருக்குப் போய்விடும். ஓ.டி.பி.யும் அவருக்கே போகும்.

டி.எஸ்.சி. யாருக்குக் கட்டாயம்? கம்பெனியும் எல்.எல்.பி.யும் (பங்குதாரர்களின் பொறுப்புக்கு வரம்புள்ள நிறுவனம்) ஜி.எஸ்.டி. தாக்கல் செய்ய அது வேண்டும். தனி உரிமையாளர் கடைக்கும் சாதாரணப் பங்குதாரர் நிறுவனத்துக்கும் ஓ.டி.பி.யே போதும், இவர்களுக்கும் டோக்கன் விற்கப் பார்த்தால் வாங்காதீர்கள். 2021 ஜனவரி முதல் இந்த வேலைக்குக் கிளாஸ் 3 என்ற வகை டி.எஸ்.சி. மட்டுமே கொடுக்கிறார்கள். பான் கார்டில் உள்ள பெயரும் சான்றிதழில் வரும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். நம் இனிஷியல் இங்கேதான் படுத்துகிறது: பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாகவும் ஆதாரில் ஒற்றை எழுத்தாகவும் இருக்கும். முதலில் அதைச் சரிசெய்துவிட்டுத்தான் விண்ணப்பிக்க வேண்டும். வீடியோ சரிபார்ப்பு இருப்பதால் அசல் அட்டைகள் கையில் இருக்கட்டும்.

தவறான பின்னை (ரகசிய எண்) திரும்பத் திரும்பப் போட்டால் டோக்கன் பூட்டிக்கொள்ளும். அதை மறுபடி துவக்கினால் உள்ளே இருக்கும் சான்றிதழ் அழிந்துவிடும், புதிதாகத்தான் வாங்க வேண்டும். காலாவதிக்குப் பின் வாங்குவதும் புதுச் சான்றிதழ்தான் என்பதால், ஜி.எஸ்.டி., வருமான வரி, எம்.சி.ஏ. (கம்பெனி விவகார அமைச்சகம்) என்று ஒவ்வொரு தளத்திலும் மறுபடி பதிய வேண்டும். டோக்கனையும் பின்னையும் சேர்த்து ஆடிட்டர் ஆபீஸ் டிராயரில் விட்டுவிட்டு விமானம் ஏறும் வழக்கம் பரவலாக இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். டோக்கனுக்குள் இருக்கும் ரகசியச் சாவியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது உரிமையாளரின் கடமை என்று 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 42ஆம் பிரிவு சொல்கிறது. அந்த டோக்கனால் போட்ட கையெழுத்து உங்கள் கையெழுத்தாகவே எடுத்துக்கொள்ளப்படும்.

ஊர்ச் சொத்துக்கான பவர் பத்திரம், உயில், அறக்கட்டளைப் பத்திரம் ஆகியவற்றுக்கு மேலே சொன்ன மூன்றும் உதவாது. தாளில், மையில், சாட்சிகளோடு போட வேண்டும். பவரை வெளிநாட்டில் தூதரகத்தில் எழுதி அனுப்பினால், அந்தப் பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும்.

இனி பழைய பில் புக்குகளை ஸ்கேன் செய்து வைப்பது. ஜி.எஸ்.டி. கணக்குகளை ஆண்டு அறிக்கைக்கான கெடு நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பதால், ஸ்கேன் செய்த கையோடு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கார்பன் காப்பியைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தால் நீல எழுத்து பாதி காணாமல் போகும், 300 டி.பி.ஐ., கலர் என்று சொல்லுங்கள். தானாகத் தாள் இழுக்கும் ஸ்கேனரில் அந்த மெல்லிய தாள் சுருண்டு கிழியும், கண்ணாடிப் பலகை ஸ்கேனர்தான் சரி. ஸ்டேப்ளர் பின்னை முதலில் பிடுங்கிவிடுங்கள். பெட்ரோல் பங்க் ரசீது போன்ற வெப்பத்தாள்களை முதல் நாளே எடுத்துவிடுங்கள், அவை வெளுத்துக்கொண்டே வரும். கோப்புக்கு ஆண்டு, புத்தக எண், பில் எண் என்ற வரிசையில் பெயர் வையுங்கள்.

கையால் எழுதிய தமிழை மென்பொருள் நம்பிக்கையாகப் படிக்காது. ரகரமும் துணைக்காலும் ஒன்றாகத் தெரியும், ளகரமும் னகரமும் குழம்பும். அதனால் பில்லை முழுக்கத் தட்டச்சு செய்ய முயலாமல் தேதி, பில் எண், பார்ட்டி பெயர், ஜி.எஸ்.டி. எண், தொகை என்ற ஐந்து கட்டங்களை மட்டும் ஆள் வைத்து எக்செல்லில் ஏற்றுங்கள். ஜி.எஸ்.டி. எண்ணில் 15 இடங்கள். தமிழ்நாட்டுப் பார்ட்டி என்றால் 33இல் தொடங்கும், அடுத்த பத்தும் பான் எண். கடைசி எழுத்து சரிபார்ப்புக்கானது, ஒரு எழுத்து தவறினாலும் அதை வைத்துப் பிடித்துவிடலாம். டைப்பிங் சென்டரில் யூனிகோட் என்று அழுத்திச் சொல்லுங்கள். பாமினியிலோ வானவில்லிலோ அடித்துக் கொடுத்தால், அந்த எழுத்துரு இல்லாத உங்கள் கம்ப்யூட்டரில் பெயரெல்லாம் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும்.

டிஜிட்டல் கையெழுத்திட்ட பி.டி.எஃப்.பில் பச்சை டிக்குக்குப் பதில் கேள்விக்குறி வந்தால் பதற வேண்டாம். இந்தியாவின் சி.சி.ஏ. (டிஜிட்டல் சான்றிதழ் வழங்குவோரைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு) தரும் மூலச் சான்றிதழை அடோபி ரீடர் இன்னும் நம்பவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். கையெழுத்தின் பண்புகளுக்குள் போய் அந்தச் சான்றிதழை நம்பகப் பட்டியலில் சேர்த்து, மறுபடி சரிபார்த்தால் டிக் வந்துவிடும். அதை அச்செடுத்து மீண்டும் ஸ்கேன் செய்தால் கையெழுத்து போய்விடும், படம்தான் மிஞ்சும். அரசின் ஆவணச் சேமிப்புத் தளமான டிஜிலாக்கரிலும் இதே வேறுபாடு உண்டு: துறை நேரடியாக வழங்கிய பகுதியில் இருப்பது அசலுக்குச் சமம், நாமே ஸ்கேன் செய்து ஏற்றியது வெறும் நகல்.

கிளம்புவதற்கு முன், இந்திய மண்ணில் இருக்கும்போதே சிம்மில் ரோமிங்கை இயக்கி, ஒரு வருட ரீசார்ஜ் போட்டுவிடுங்கள். டோக்கன் கைப்பையில் வரட்டும். அதன் டிரைவர் கோப்பையும் லேப்டாப்பில் ஏற்றி, ஊரிலேயே ஒரு முறை கையெழுத்துப் போட்டுப் பாருங்கள்.