பாசிக்குடாவில் ஒரு வைன் பட்டியல்

கால் நூற்றாண்டு பத்திரிகையில் செய்தி எழுதிவிட்டு இப்போது உணவையும் குடிவகையையும் பற்றி எழுதுகிறேன் என்றால், மட்டக்களப்பில் பழைய சகாக்கள் சிரிக்கிறார்கள். அவர்களுக்கு நான் ஜோர்ஜ் டேபரைப் பற்றிச் சொல்வதுண்டு. 'டைம்' சஞ்சிகையின் பாரிஸ் நிருபராக இருந்த அவர், 1976 மே 24 அன்று பிரெஞ்சு வைன்களையும் கலிபோர்னிய வைன்களையும் ஒப்பிட்டுப் பார்க்கப் பாரிஸில் நடந்த ருசிப்புச் சோதனைக்குப் போன ஒரேயொரு பத்திரிகையாளர். பெயர் மறைத்து ஊற்றப்பட்டதை ஒன்பது பிரெஞ்சு நடுவர்கள் ருசித்துக்கொண்டிருக்க, எது எந்த வைன் என்ற பட்டியல் அவர் கையில் இருந்தது. கலிபோர்னியாவில் விளைந்ததைக் குடித்துவிட்டு இது பிரான்ஸ் என்று ஒரு நடுவர் நிம்மதிப்பட்டதை அவரால் அங்கேயே குறித்துக்கொள்ள முடிந்தது. வெள்ளையிலும் சிவப்பிலும் கலிபோர்னியாவின் 1973ஆம் ஆண்டு வைன்களே முதலிடம் பெற்றன. அவர் எழுதியது ஒரு சிறு செய்திதான். ஆனால் 2005இல் அதையே முழு நூலாக விரித்து, அதன் பிறகு வைன் எழுத்தாளராகவே அறியப்பட்டார். அவரிடம் நான் கற்றது நாக்கின் நுட்பத்தை அல்ல, பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்கும் பழக்கத்தை.

அந்தப் பழக்கத்தோடுதான் சென்ற மாதம் நண்பர் ஒருவருடன் பாசிக்குடாக் கடற்கரை விடுதியொன்றில் இரவுச் சாப்பாட்டுக்கு அமர்ந்தேன். பட்டியல் நீளமானது, அச்சும் அழகானது. முதலில் கிளாஸ் கணக்கில் சிவப்பு வைன் கேட்டோம். வந்த கிளாஸைத் தொட்டபோதே சூடு தெரிந்தது. சிவப்பு வைனை அறை வெப்பநிலையில் பரிமாற வேண்டும் என்ற விதி ஐரோப்பாவின் குளிர் வீடுகளில் பிறந்தது. அங்கே அது 16 முதல் 18 பாகை வரையிலான வெப்பத்தைக் குறிக்கும். நமது கரையில் இரவிலும் 28 பாகைக்குக் குறையாத அறையில் அதே விதியைப் பின்பற்றினால் மதுசாரத்தின் நெடி மட்டுமே மூக்கில் ஏறும். அதற்கு மேல், பழவாசனை வடிந்து, வெட்டி வைத்த ஆப்பிள் பழுப்பேறிய மணம் வேறு. எப்போது திறந்தது என்று கேட்டேன். பரிமாறிய தம்பி சற்றுத் தயங்கி, "முந்தநாள் திறந்த போத்தல், சேர்" என்றார். பொய் சொல்லாததற்காக அவரை மெச்சத்தான் வேண்டும். ஆனால் அந்த ஒரு கிளாஸின் விலைக்குச் சந்தையில் ஒரு கிலோ நண்டு வாங்கியிருக்கலாம் என்ற கணக்கு மனதில் ஓடியது.

நண்டு என்றதும் குறை சொல்ல வாய் வரவில்லை. வாவி நண்டை உடைத்து, முருங்கையிலை போட்டு, தேங்காய்ப்பாலைக் கடைசியில் விட்டு இறக்கிய அந்தக் கறியில் மிளகாய் உறைப்பு நுனிநாக்கில் தொடங்கி மெல்லத்தான் தொண்டைக்குப் போனது. காலுக்குள் இருந்த சதையை உறிஞ்சி எடுக்கும்வரை நண்பர் பேசவேயில்லை. இப்படிப்பட்ட உறைப்புக்குத் துவர்ப்பான சிவப்பு வைன் ஆகாது. துவர்ப்பும் மதுசாரமும் எரிவைக் கூட்டும். சிறிது இனிப்புள்ள, புளிப்புக் குன்றாத, நன்றாகக் குளிர்ந்த வெள்ளை வைனே பொருந்தும். ஆகவே பட்டியலில் திராட்சை விளைந்த ஆண்டு 2021 என்று போட்டிருந்த ரீஸ்லிங் என்ற ஜெர்மன் வெள்ளை வைன் ஒரு போத்தல் சொன்னோம். லேபிளைக் காட்டாமலே மூடியைத் திருகப் போனவரிடம் வாங்கிப் பார்த்தால், 2022. ஆண்டு மாறினால் வைனும் மாறும் என்பதை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. வைன் என்னவோ நன்றாகவே இருந்தது. எலுமிச்சைப் புளிப்பும் மெல்லிய இனிப்பும் தேங்காய்ப்பாலோடு சேர்ந்து உறைப்பைத் தணித்தன. மிஞ்சியதை மூடி எங்களிடமே தந்தார்கள்.

குறையை அங்கேயே முகாமையாளரிடம் சொல்லிவிட்டதால் விடுதியின் பெயரை எழுதவில்லை. நண்டுக்காக மீண்டும் போவேன். கிளாஸ் கணக்கில் எதுவும் கேட்க மாட்டேன். பில்லில் அந்தப் போத்தல் 2021 என்றே அச்சாகியிருந்தது.